நாலு பாட்டில் ஒயினும் எட்டு கூட்டுக்காரங்களும்: முதல் தடவை ருசி பாக்கறவங்களுக்கு

ஒயின் டேஸ்டிங்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க பாதி பேரு ஒதுங்கிருவாங்க, அதெல்லாம் பெரிய ஓட்டல்ல கோட்டு போட்டவங்க பண்றது, நமக்கு அந்த நாக்கெல்லாம் கெடையாதுன்னு. நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைல இருந்து வர்ற கிராம்பு வாசமும் வீட்டுல நல்லமிளகு பொடிக்கற வாசமும் சின்ன வயசுல இருந்தே தெரிஞ்சவங்க நாம, வாழைப்பழத்துல மட்டி எது செந்துளுவன் எது பாளையங்கோட்டான் எதுன்னு கண்ணை மூடிட்டு மோந்து பாத்தே சொல்லிருவோம்ல்லா, ஒயினுக்குத் தேவைப்படற மூக்கு அதுதான். மீதி இருக்கறது ஒரே ஒரு பழக்கம், பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடறது. ஒரே ஒரு ஒயினை மட்டும் குடிச்சா நல்லாருக்கு, நல்லால்லன்னு ரெண்டு வார்த்தைதான் வாயில வரும். நாலை வரிசையா வச்சுப் பாருங்க, இது அதை விடப் புளிப்பு, இது கொஞ்சம் துவர்ப்பு, இதுல கொய்யா வாசம் அடிக்குன்னு வார்த்தை தானா வரும். டேஸ்டிங்னா அவ்ளோதான், அதை நாலு கூட்டுக்காரங்களோட சேந்து பண்ணும்போது இன்னும் நல்லா வரும், ஏன்னா உங்க மூக்கு விட்டதை இன்னொருத்தர் மூக்கு பிடிச்சிரும்.

முதல்ல ஒயின்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும். திராட்சையை நசுக்குனா சாறு வரும், அந்தச் சாறுல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டு ஆல்கஹாலாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாத்தும், முக்கால்வாசி கதை இதுலயே முடிஞ்சு போச்சு. திராட்சைல பெரும்பாலும் உள்ள இருக்கற சதைக்கு நிறமே கெடையாது, நிறம் தோல்லதான் இருக்கு. கறுப்புத் திராட்சையைத் தோலோட சேத்து நொதிக்க விட்டா சிவப்பு ஒயின், பெரும்பாலும் பச்சைத் திராட்சையை எடுத்து தோலை நீக்கிட்டு சாறை மட்டும் நொதிக்க விட்டா வெள்ளை ஒயின், கறுப்புத் திராட்சையைத் தோலோட கொஞ்ச நேரம் மட்டும் வச்சிருந்து எடுத்துட்டா ரோஸேங்கற இளஞ்சிவப்பு ஒயின். தோல், விதை, காம்பு இதுல இருந்து வர்ற துவர்ப்புக்குப் பேரு டானின், அதனாலதான் சிவப்புல துவர்ப்பு இருக்கும், வெள்ளைல பெரும்பாலும் இருக்காது.

இங்க நம்ம மாவட்டத்துக்காரங்க ஒரு விஷயம் கவனிக்கணும். நம்மள்ல நெறைய பேருக்கு ஒயின்னா கிறிஸ்மஸுக்கு வீட்டுல வர்ற அந்த இனிப்பு ஒயின்தான் ஞாபகத்துக்கு வரும், பரணி ஜாடில திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டு மூடி வச்சு எடுக்கறது, இல்லைன்னா போர்ட்னு பேர் போட்டு பாட்டில்ல வர்றது. ரெண்டுலயும் இனிப்பு நெறைய. இதைக் குடிச்சுப் பழகுனவங்க கையில முதல் தடவையா ஒரு டிரை ஒயினைக் குடுத்தா மூஞ்சி சுளிச்சு, இது கெட்டுப் போச்சு மக்கா, புளிக்குன்னு சொல்லுவாங்க. கெட்டுப் போகல. ஈஸ்ட் சர்க்கரையை முழுசா சாப்பிட்டு முடிச்சிருக்கு, அதனால இனிப்பு போயிட்டு திராட்சையோட புளிப்பு மட்டும் முன்னாடி வந்து நிக்குது. ஐரோப்பா கணக்குல சாதாரணமா ஒரு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்கு மேல இல்லைன்னாதான் டிரைன்னு போடுவாங்க, அது எவ்ளோ கம்மின்னா நம்ம வீட்டு டீல ஒரு கிளாஸுக்குள்ள அதை விட அதிகமா இருக்கும். இன்னொன்னு, அசல் போர்ட்ங்கறது போர்ச்சுகல்ல டோரோ ஆத்துப் பள்ளத்தாக்குல பண்றது, பாதி நொதிச்சுட்டு இருக்கும்போதே திராட்சை ஸ்பிரிட்டை ஊத்தி ஈஸ்டை நிறுத்திருவாங்க, அதனால இனிப்பும் அப்படியே தங்கிரும், ஆல்கஹாலும் 20 சதவீதம் பக்கம் வந்துரும். அதனால முதல் வாய்ல முடிவு கட்டாதீங்க, மூணாவது வாய்க்கு நாக்கு பழகிரும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 21 வயசு ஆனவங்களுக்குத்தான் மது, லைசென்ஸ் இல்லாம வீட்டுல மது தயாரிக்கறதுக்கு மதுவிலக்குச் சட்டத்துல எடம் கெடையாது, களியக்காவிளை தாண்டி கேரளாப் பக்கம் வாங்கி வண்டில கொண்டு வர்றதும் பிரச்சனைதான். அதனால இங்க முறையா கடையில வாங்குன பாட்டில் மட்டும். கர்ப்பமா இருக்கறவங்க, மருந்து சாப்பிடறவங்க, குடிக்காம இருக்கணும்னு முடிவு எடுத்தவங்க யாரையும் வற்புறுத்தாதீங்க, அவங்க மோந்து பாத்து சொன்னாலே போதும், வேலைல பாதிக்கு மேல மூக்குதான் பாக்குது.

எத்தனை பாட்டில்? எட்டு பேருக்கு நாலு பாட்டில் தாராளம். ஒரு பாட்டில் 750 மில்லி, ருசி பாக்க ஒரு ஆளுக்கு 50 மில்லி போதும், அப்போ எட்டு பேருக்கு 400 மில்லி போக மிச்சமே இருக்கும். ஒரு ஆளு நாலையும் முழுசா குடிச்சாலும் 200 மில்லி. ஒயின் பெரும்பாலும் 12ல இருந்து 14 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால், ஸ்ட்ராங் இல்லாத சாதாரண பீர விட ரெண்டு மடங்குக்கு மேல, பாக்க ஜூஸ் மாதிரி இருக்குன்னு மடமடன்னு எறக்கிரக் கூடாது. தொழிலா டேஸ்டிங் பண்றவங்க வாயில வச்சுட்டு துப்பிருவாங்க, அதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க, அது மரியாதைக் குறைவு கெடையாது. ஒரு சொம்பு நடுவுல வைங்க, துப்பறவங்க துப்பட்டும், மிச்சத்தை ஊத்தறவங்க ஊத்தட்டும். வண்டி ஓட்டறவர் ஒருத்தர் குடிக்காம இருக்கணும், இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி எல்லாரும் அந்த வீட்டுலயே பாய் விரிச்சுப் படுத்துருங்க.

என்ன பாட்டில்னா, நாலும் ஒன்னுக்கொன்னு நல்லா வித்தியாசமா இருக்கணும். நாசிக் பக்கத்துல இருந்தும் பெங்களூர் பக்கம் நந்தி மலைல இருந்தும் வர்ற நம்ம நாட்டு ஒயினே ஆரம்பத்துக்குப் போதும். ஒரு சாவினியான் பிளாங்க், ஒரு செனின் பிளாங்க், இது ரெண்டும் வெள்ளை. ஒரு ஷிராஸ், ஒரு கேபர்நே சாவினியான், இது ரெண்டும் சிவப்பு. இதெல்லாம் திராட்சையோட பேரு, கம்பெனி பேரு கெடையாது, லேபிள்ல பெருசாவே போட்டிருக்கும். வரிசை முக்கியம், மெலிசா இருக்கறது முதல்ல, கனமா இருக்கறது பின்னாடி, டிரை முதல்ல, இனிப்பு கடைசில. இனிப்பைக் குடிச்சுட்டு டிரைக்கு வந்தா அது வெறும் புளித்தண்ணியா தெரியும், அந்த ஒயின் மேல தப்பே இருக்காது.

சூடு விஷயத்துல நம்ம ஊருல ரொம்பக் கவனமா இருக்கணும். சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது ஐரோப்பால குளிர்ந்த கல்லு வீட்டுல இருந்தவங்க சொன்னது, அந்த ரூம் 16, 18 டிகிரி. நம்ம நாகர்கோவில் வீட்டு ஹால்ல 30 பக்கம் இருக்கும், அந்தச் சூட்டுல ஊத்துனா ஆல்கஹால் வாசம்தான் மூக்குல குத்தும், பழ வாசம் ஒன்னும் தெரியாது. அதனால சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க, வெள்ளையை ரெண்டு மூணு மணி நேரம் வச்சிருந்து பத்து நிமிஷம் முன்னாடி வெளிய எடுங்க, ரொம்பக் குளிர்ந்து இருந்தாலும் வாசம் எழும்பாது. பாட்டிலை ஷீட்டு போட்ட ரூம்ல, அடுப்படி அலமாரில, கார் டிக்கில எல்லாம் வைக்கக் கூடாது, சூட்டுல ஒயின் வெந்து போகும்.

கிளாஸ், மேல போகப் போக வாய் சுருங்கற கண்ணாடி கிளாஸா இருந்தா போதும், வாசம் உள்ளயே தங்கும். ஸ்டீல் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது. மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, சுத்தறதுக்கு எடம் வேணும். அப்புறம் அந்த ரூம்ல வேற வாசமே இருக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம் பாத்துக்கிடுங்க. ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட்டு, தோவாளைல இருந்து வாங்கிட்டு வந்த பிச்சிப்பூ, அடுப்படில பொரியற மீன், இதுல ஏதாவது ஒன்னு இருந்தாலும் ஒயின் தோத்துரும். மீனை அப்புறம் பொரிக்கலாம்.

இனி ருசிக்கு வருவோம். முதல்ல கண்ணு, இதுல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம். வெள்ளைத் தாள் மேல கிளாஸைச் சாய்ச்சுப் பாருங்க, வெள்ளை ஒயின் வயசாக ஆக மஞ்சள் ஏறும், சிவப்பு வயசாக ஆக ஓரத்துல செங்கல் நிறம் வரும். கிளாஸ் ஓரமா கண்ணீர் வழியற மாதிரி கோடு கோடா எறங்கும், அதைப் பாத்து நல்ல ஒயின்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, நம்பாதீங்க. ஆல்கஹால் தண்ணிய விட வேகமா ஆவியாகறதால பரப்பு இழுவிசை மாறி நடக்கற வேலை அது, 1855லயே ஜேம்ஸ் தாம்சன்ங்கறவர் காரணம் சொல்லிட்டாரு, ஆல்கஹால் அதிகம்னா அது நல்லாத் தெரியும், தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது.

மூக்குலதான் நேரம் செலவு பண்ணணும். கிளாஸை மேசை மேல வச்சே ரெண்டு சுத்து சுத்துங்க, உடனே மூக்கை உள்ள விட்டு குட்டி குட்டியா மோந்து பாருங்க. முதல்ல திராட்சை வாசம்கூட வராது, வெறும் ஒயின் வாசம்தான்னு தோணும். இதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருக்கோம். மேசைல சின்னச் சின்னக் கிண்ணத்துல அஞ்சாறு சாமானை எடுத்து வைப்போம், கிராம்பு நாலு, நல்லமிளகு கொஞ்சம் இடிச்சது, ஒரு மட்டிப்பழம் உரிச்சது, கொய்யாத்துண்டு, எலுமிச்சத்தோல், ரெண்டு சொட்டு பன்னீர். ஒயினை மோந்துட்டு கிண்ணத்தை மோந்து பாக்கறது, திரும்ப ஒயினுக்கு வர்றது. போன தடவை ஷிராஸ் ஊத்துனப்ப ஒருத்தன் கிளாஸை மோந்தான், ஒன்னும் சொல்லல, மிளகுக் கிண்ணத்தை மோந்தான், திரும்ப கிளாஸுக்கு வந்தான், "ஏ மக்கா, இதுல யாரோ நல்லமிளகு தட்டிப் போட்டிருக்காவ"ன்னான். அவன் பக்கத்துல இருந்தவன் எவ்ளோ மோந்தும் அவனுக்கு மிளகு தெரியவே இல்ல, ரெண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை.

ரெண்டு பேரும் சொன்னது சரிதான். ஒயினுக்குள்ள யாரும் மிளகு போடறது கெடையாது, ஆனா நல்லமிளகுக்கு அந்த வாசத்தைக் குடுக்கற ரோட்டண்டோன்ங்கற அதே பொருள் ஷிராஸ் திராட்சைத் தோல்லயும் இருக்கு, ஆஸ்திரேலியாக்காரங்க 2008ல கண்டுபிடிச்சு சொன்னாங்க. அந்த ஆராய்ச்சிலயே சோதனைக்கு உக்காந்தவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு, சோதிச்சதுலயே அதிகமான அளவுல கலந்து குடுத்தும் அந்த வாசம் தெரியவே இல்ல. ஆளுக்கு ஆள் மூக்கு அப்படி. அதனால உங்களுக்கு ஒரு வாசம் வரலன்னா வரலன்னு சொல்லுங்க, வெக்கப்பட ஒன்னுமில்ல.

மத்த வாசமும் இதே கணக்குதான். ஓக் மரப் பீப்பாய்ல வச்சு எடுத்த சிவப்புல கிராம்பு வாசம் வந்தா, அந்த மரத்துல இருந்து வர்ற யூஜினால் அது, நம்ம கிராம்புல இருக்கறதும் அதே யூஜினால். வெனிலா வாசம் வந்தா அதே மரத்துல இருந்து வர்ற வனிலின். நொதிக்கும்போது ஈஸ்ட் பண்ற வேலைல ஐசோஅமைல் அசிடேட்னு ஒன்னு உண்டாகும், வாழைப்பழ வாசத்துக்குக் காரணமும் அதுதான், புதுசா அடைச்ச சில ஒயின்ல பழுத்த பழக்கொலை பக்கத்துல நிக்கற வாசம் வரும். கம்பம் பள்ளத்தாக்குல விளையற பன்னீர் திராட்சை மஸ்கட் வகை, அந்த வகைல ரோசாப்பூ வாசம் தர்ற லினலூல், ஜெரானியால் நெறைய, கண்ணை மூடிட்டு மோந்தா பன்னீர் தெளிச்ச கல்யாண வீடு. சாவினியான் பிளாங்க்ல கொய்யாவும் பச்சைக் குடைமிளகாயும் தெரியும். வெளிநாட்டுக்காரன் எழுதி வச்ச கூஸ்பெரி, பிளாக்கரண்ட் எல்லாம் நாம சாப்பிட்டதே இல்ல, அது தெரியலயேன்னு தவிக்காதீங்க, நம்ம அடுக்களைல என்ன பேரு இருக்கோ அதை வச்சு சொல்லுங்க.

அடுத்து வாய். ஒரு வாய் எடுத்து உடனே முழுங்காம நாக்கு முழுக்கப் பரவ விடுங்க. புளிப்பை எப்படி அளக்கறதுன்னா, முழுங்குன பிறகு வாயோட ரெண்டு ஓரத்துலயும் எச்சில் ஊறும், எவ்ளோ ஊறுதோ அவ்ளோ புளிப்பு. டானினுக்கு நேர் எதிரு, வாய் காஞ்சு போகும், நாக்கை ஈறு மேல தேச்சா சொரசொரன்னு இருக்கும், கொல்லாம்பழத்தை, அதான் முந்திரிப்பழத்தை, கடிச்சு சாறு குடிச்ச பிறகு வாய் பிடிச்சு இழுக்கும்ல்லா, அது மாதிரியே. எச்சில்ல வழவழப்பு தர்ற புரதத்தோட டானின் போய் ஒட்டிக்கறதால அந்த வறட்சி. ஆல்கஹால் தொண்டைல சூடா தெரியும். கனம்ங்கறது தண்ணியா ஓடுதா, பாலு மாதிரி வாயில நிக்குதாங்கறது. கடைசியா முழுங்கி முடிச்ச பிறகு ருசி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாருங்க, நல்ல ஒயினை நான் பிரிக்கறது பெரும்பாலும் இதை வச்சுத்தான்.

ஒரு சின்ன சோதனை கட்டாயம் பண்ணிப் பாருங்க. மூக்கை விரலால இறுக்கப் பிடிச்சுட்டு ஒரு வாய் ஒயின் குடிங்க. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு மட்டும்தான் தெரியும், எந்த ஒயின்னே சொல்ல முடியாது. வாயில வச்சுக்கிட்டே விரலை எடுங்க, கொய்யாவும் மிளகும் ஒரேயடியா வந்து விழும். ருசின்னு நாம சொல்றதுல பெரும்பகுதி வாய்க்குப் பின்பக்கமா மூக்குக்குப் போற வாசம்தான். எட்டு பேரும் ஒரே நேரத்துல இதைப் பண்ணி விரலை எடுக்கற அந்த நிமிஷத்துல ரூம்ல வர்ற சத்தம் இருக்கே, அதுக்காகவே கூட்டமா பண்ணணும்.

பேசறதுக்கு முன்னாடி எல்லாரும் தாள்ல ரெண்டு வார்த்தை எழுதிரணும், அப்புறம்தான் வாயைத் திறக்கணும். ஒருத்தர் முதல்ல சத்தமா "மாம்பழ வாசம்"னு சொல்லிட்டா மீதி ஏழு பேருக்கும் மாம்பழம்தான் தெரியும், மூக்கு அவ்ளோ சீக்கிரம் ஏமாறும். கண்ணு சொல்றதையும் மூக்கு அப்படியே நம்பிரும். பிரான்ஸ்ல போர்தோ பல்கலைக்கழகத்துல ஒயின் படிக்கற 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயின்ல வாசமே இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்தப்ப அவங்க சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வாசங்களையே சொன்னாங்க, 2001ல வெளிவந்த ஆராய்ச்சி இது. படிக்கற பசங்களுக்கே அப்படின்னா, விலையும் பிராண்டும் தெரிஞ்சா நமக்கு என்ன ஆகும்? அதனால பாட்டிலைப் பேப்பர்ல சுத்தி 1, 2, 3, 4னு நம்பர் போட்டுருங்க, எது எதுன்னு வாங்கிட்டு வந்த ஒருத்தருக்கு மட்டும் தெரியட்டும். 1976 மே மாசம் பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஆங்கிலேய ஒயின் வியாபாரி இப்படித்தான் லேபிள் காட்டாம பிரெஞ்சு நிபுணர்களுக்கே ஊத்திக் குடுத்தாரு, வெள்ளைலயும் சரி சிவப்புலயும் சரி முதல் எடம் கலிபோர்னியா ஒயினுக்குப் போச்சு, பிரெஞ்சு ஒயினை யாரும் அடிச்சுக்க முடியாதுன்னு இருந்த பேரு அன்னைக்கு ஆடிப் போச்சு. உங்க மேசைலயும் கம்மி விலை பாட்டில் ஜெயிக்கலாம், ஜெயிச்சா அதையே வாங்குங்க.

சாப்பாடு, டேஸ்டிங் நடக்கும்போது வாயைத் துடைக்க மட்டும்தான். வெறும் ரொட்டியும் தண்ணியும் போதும், நாங்க உப்பு கம்மியா போட்டு அவிச்ச மரச்சீனிக்கிழங்கு வைப்போம், அதுக்குன்னு பெரிய ருசி எதுவும் இல்லாததால ஒவ்வொரு ஒயினுக்கு நடுவுலயும் நாக்கைச் சுத்தமா ஆக்கிக் குடுக்கும். வெறும் வயித்துல யாரும் உக்காராதீங்க, வர்றதுக்கு முன்னாடியே லேசா சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க.

டேஸ்டிங் முடிஞ்ச பிறகு அசல் சாப்பாடு. நெய்மீன் பொரிச்சதுக்கு எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடறோம்ல்லா, சாவினியான் பிளாங்க்கோட புளிப்பு அந்த எலுமிச்சை வேலையை அப்படியே பாக்கும். மீனுக்கு சிவப்பு வேண்டாம்னு சொல்றதுக்கு உண்மையான காரணம் இருக்கு, சில சிவப்பு ஒயின்ல இருக்கற இரும்புச்சத்து மீன் கொழுப்போட சேந்து வாயில கவுச்சி வாடையைக் கெளப்பிரும். சிவப்புக்கு தேங்காக்கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சி, இறைச்சில இருக்கற புரதமும் கொழுப்பும் டானினை இழுத்துப் பிடிச்சு துவர்ப்பைக் குறைச்சிரும். நல்ல காரமான மீன் குழம்புக்கு டிரை சிவப்பு வச்சீங்கன்னா காரமும் ஆல்கஹாலும் சேந்து வாய் எரியும், அங்க லேசா இனிப்பு இருக்கற செனின் பிளாங்க்தான் செட்டாகும்.

ஒரு பாட்டில் திறந்ததும் நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை, ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச வாடை வந்தா அது கார்க்ல இருந்து வந்த கோளாறு, டி.சி.ஏ.ன்னு ஒரு பொருள், குடிச்சா உடம்புக்கு ஒன்னும் பண்ணாது, ஆனா பழ வாசத்தை முழுசா கொன்னுரும். வினிகர் நெடி தூக்குனா காத்து பட்டு புளிச்சுப் போச்சுன்னு அர்த்தம். ரெண்டையும் ஊத்திருங்க, காசு போட்டாச்சேன்னு யாரையும் குடிக்க வைக்காதீங்க.

மிச்சம் இருக்கற ஒயினை மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல நிமித்தி வைங்க, சிவப்பும்தான், மூணு நாலு நாளைக்குத் தாங்கும். மறுநாள் அதுலயே ஒரு வாய் எடுத்து முந்தின நாள் எழுதின தாளோட ஒத்துப் பாருங்க, காத்து பட்டு சில சிவப்புல டானின் மெதுவாகி இன்னும் நல்லாருக்கும், வெள்ளைல வாசம் கொஞ்சம் எறங்கியிருக்கும். அடுத்த தடவை கூடும்போது நாலு திராட்சை வேண்டாம், ஒரே திராட்சையை எடுங்க, நாசிக் ஷிராஸ் ஒன்னு, கர்நாடகா ஷிராஸ் ஒன்னு, கெடைச்சா ஆஸ்திரேலியா ஷிராஸ் ஒன்னு. மண்ணும் வெயிலும் மாறுனா அதே பழம் எப்படி மாறுதுன்னு அதுல தெரியும், மிளகுக் கிண்ணத்தை மட்டும் மறக்காம எடுத்து வைங்க.